மின்வெட்டு நேரத்து நிக்கல்

சாட்ஸ்வொர்த்தில், ஏழாம் யூனிட்டில்,
கார் நிற்க வேண்டிய இடத்தில்
என் நான்கு தொட்டிகள் நிற்கின்றன.
கார் மழையில். அதற்குப் பழகிவிட்டது.

முதலில் காரம், அடுத்து அமிலம்,
மூன்றில் செம்பு, நான்கில் நிக்கல்.
பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை,
அள்ளிக் குடித்துவிடலாம் போலிருக்கும்.
குடிக்காதீர்கள் என்று நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்,
மூன்று மொழியில்.

வருவதெல்லாம் சின்னச் சாமான்கள்.
பைன்டவுன் ஃபான் டோண்டரின் பொம்மை ரயில் சக்கரங்கள்,
நகத்தளவு பித்தளை,
கீழே விழுந்தால் காந்தம் வைத்தும் தேட முடியாது.
யாரோ ஒருவரின் ஸ்கூட்டர் கண்ணாடிக் காம்பு.
ஒருநாளும் பறக்கப்போகாத விமானத்தின் புகைக்குழாய்.

ஜூலையில் தெய்வநாயகம் மூட்லி
நாடகக் குழுவுக்காக ஒரு துப்பாக்கி கொண்டுவந்தார்.
பொம்மை. துத்தநாகக் கலவை.
குழலின் துளை ஒரு விரற்கடையோடு முடிந்துவிடும்.
கடைசி வரிசைக்கும் மின்னணும் அக்கா, என்றார்.

இரண்டு நாள் தேய்த்தேன்.
கீறலின் மேல் நிக்கல் போட்டால்
பளபளக்கும் கீறல்தான் கிடைக்கும்.
இதை விளக்கிச் சொன்னாலும்
யாரும் காசு கூட்டித் தருவதில்லை.

செம்பிலிருந்து எடுத்தபோது
வெந்நீரில் குளித்துவந்த குழந்தையின் நிறம்.
துப்பாக்கியைப் பற்றி இப்படிச் சொல்லக்கூடாது.
ஆனால் அப்படித்தான் இருந்தது.

நிக்கலில் இருபதாவது நிமிடம் கரண்ட் போயிற்று.
அட்டவணையில் எட்டு மணி. போனது ஆறரைக்கு.
இரண்டரை மணி நேரம்
இருட்டில், பச்சைக்குள், கம்பியில் தொங்கியது.

எனக்குத் தெரியும்.
பாதியில் நின்ற நிக்கல் முகம் இறுகிப்போகும்,
தன் இனத்தையே ஒட்டவிடாது.
எல்லாவற்றையும் உரித்து முதலிலிருந்து வர வேண்டும்.
மறுநாள் நாடகம்.
ஸ்விட்சைப் போட்டேன். மின்னியது.
முந்நூற்றைம்பது ராண்ட் வாங்கினேன்.

நாடகம் முடிந்த இரவே
மூட்லியின் கார் டிக்கியை உடைத்து
கிரீடம், தாடி, துப்பாக்கி எல்லாம் எடுத்துப்போனார்கள்.
ராஜாவின் வேட்டியைக்கூட விடவில்லை என்று
போனில் சிரித்தார்.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை,
ஆகையால் மட்டன் இல்லை,
பீன்ஸ் பன்னி சௌவுக்கு வரிசையில் நின்றேன்.
இரண்டு பையன்கள். இரண்டு துப்பாக்கி.
ஒன்று டியூப்லைட்டை முழுசாக வாங்கி
கடையெங்கும் வீசியது.
என் முகத்துக்கு ஒரு முழத் தூரம்.
விசைக்கு அடியில், கம்பி கட்டிய புள்ளியிலிருந்து
வெங்காயத் தோல் மாதிரி உரிந்திருந்தது.

பயத்துக்கு முன்னால் வெட்கம் வந்தது எனக்கு.

அந்தப் பையனும்
உரிந்த இடத்தைக் கட்டைவிரலால்
மறைத்து மறைத்துப் பிடித்தான்.
கொண்டுவா தம்பி, சும்மாவே போட்டுத் தருகிறேன்
என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பிறகுதான் மற்றதைப் பார்த்தேன்.
கறுப்பு. மங்கல். யாரும் தேய்க்காதது.
யார் பார்வைக்கும் ஏங்காமல்
கல்லாக்காரரின் விலாவில் அமைதியாக இருந்தது.

கைகளை இன்னும் உயரத் தூக்கினேன்.

கல்லாவையும் போன்களையும் எடுத்தார்கள்.
என் வளையலை அவன் ஒருமுறை உருட்டிப் பார்த்தான்,
ஓரத்தில் பித்தளை தெரிந்ததோ என்னவோ,
விட்டுவிட்டான்.

போலீஸ்காரர் கேட்டார், துப்பாக்கி நிஜமா?
ஒன்றில் நிக்கல் நிஜம் என்றேன்.
அவர் எழுதிக்கொள்ளவில்லை.

வீட்டில் கரண்ட் இருந்தது.
ஃபான் டோண்டரின் சக்கரங்களைக் கோத்து
பச்சைக்குள் இறக்கினேன்.
பக்கத்திலேயே நாற்காலி போட்டு,
ஆறிப்போன பீன்ஸைத் தின்றுகொண்டே
பல்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்,
அணைகிறதா என்று.